எலும்பின் இரண்டு பக்கமும் கறி

விடுதிப் பொறுப்புக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே,

போன வாரம் உங்களில் இருவர் செங்கல்பட்டில் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். மாட்டுக்கறித் துண்டுகளின் இங்கிலீஷ் பெயர்கள் குழப்புகின்றன, அர்த்தத்தோடு எழுதிக் கொடுங்கள் என்று கேட்டுவிட்டுப் போனீர்கள். மறுநாளே எழுத உட்கார்ந்தேன். நான்கு பெயர்கள் தடையில்லாமல் வந்தன. ஐந்தாவது பெயரை எழுதியதும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அதற்கு ஒரு வரி போதாது என்று அப்போதுதான் புரிந்தது.

நான்கையும் முதலில் முடித்துவிடுகிறேன். அண்டர்கட் என்பது முதுகெலும்புக்கு அடியில், உடம்பின் உட்பக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கும் நீளமான துண்டு. மாடு நடக்கும்போதும் இழுக்கும்போதும் அந்த இடத்துக்கு அதிக வேலை இல்லை, அதனால் மெத்தென்று இருக்கும். சில்வர்சைடு என்பது பின்தொடையின் வெளிப்பக்கம். அதன் ஒரு பக்கத்தில் வெள்ளித் தகடு மாதிரி மினுங்கும் சவ்வு இருக்கும், பெயர் அதனால் வந்தது. ரம்ப் என்றால் பிட்டம். பிரிஸ்கெட் என்றால் நெஞ்சு. ஆக, துண்டு எங்கே இருக்கிறது அல்லது எப்படி இருக்கிறது என்று பெயரே சொல்லிவிடும். மாட்டை மனத்தில் நிறுத்திக்கொண்டு பெயரைப் பிடித்துப் போனால் துண்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். பத்து வருஷத்துக்கு மேல் நான் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவது பெயர் போர்ட்டர்ஹவுஸ்.

என்னை நேரில் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். நான் கலியாணத்துக்கு முன்பு டீச்சராக இருந்தவள். கணவர் இறந்த பிறகு, கைப்பிள்ளையோடு, மகாபலிபுரத்துக்குத் தெற்கே கடலைப் பார்த்து நின்ற அந்த ஓய்வு விடுதியின் பொறுப்புக்கு வந்தேன். சென்னையிலிருந்து டாக்டர்களும் கம்பெனிக்காரர்களும் உடம்பு தேற வருவார்கள். அறை, படுக்கை விரிப்பு, சாப்பாடு, கிணற்றுத் தண்ணீர் எல்லாம் என் தலையில். போன வருஷம் முழங்கால் ஒத்துழைக்காமல் விட்டுவிட்டேன்.

என் மகன் தேவராஜ் அந்தச் சமையலறையிலேயே வளர்ந்தவன். காலேஜில் சேர்த்தேன். பாதியில் நின்றுவிட்டுத் திரும்பி வந்து, பழைய சமையல்காரர் விலகியபோது கரண்டியைப் பிடித்துக்கொண்டான். நான் அவனை ஆபீஸ் நாற்காலியில் பார்க்க ஆசைப்பட்டவள். ஆனால் அவன் கை நல்ல கை. அந்தக் கைக்கு எங்கள் விடுதி சின்ன இடம். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இங்கேயே தேங்கிவிடுவானோ என்று ஒரு பயம். எங்காவது போய்விடுவானோ என்று இன்னொரு பயம். இரண்டும் எனக்குள் பக்கத்துப் பக்கத்து அறையில் குடியிருந்தன.

நயா பைசா இன்னும் வராத காலம். பனி விட்டு, கடல் காற்று சுகமாக வீசும் மாசி மாதத்தில் ஒரு விருந்தாளி வந்தார். பெரம்பூர் பக்கத்து ஆங்கிலோ இந்தியர். வெளிநாடு போகும் கப்பல் ஒன்றில் சமையலறைக்கெல்லாம் தலைவர். கப்பல் ஏணியில் விழுந்து கால் முறிந்து, கட்டுப் பிரித்து, கைத்தடியோடு தேற வந்திருந்தார். தமிழ் நன்றாகவே பேசுவார், நம்ம மெட்ராஸ் தமிழ். நாங்கள் அவரைக் கப்பல்காரர் என்றே சொல்லிக்கொண்டோம்.

வந்த இரண்டாம் நாள் மீன் சாப்பிட்டுவிட்டு, இதைச் செய்தது யார் என்று கேட்டார். தேவராஜைக் கூப்பிட்டேன். அவனிடம் என்னென்னவோ கேட்டார். அவன் உள்ளே போன பிறகு என்னிடம், தன் கப்பலில் இரண்டாவது சமையல்காரர் இடம் காலியாக இருக்கிறது என்றும், யாரை எடுப்பது என்பது தன் கையில்தான் இருக்கிறது என்றும் சொன்னார்.

"பையன் கை நல்லா கீது மேடம். மீன் யாரு வேணா செய்வான். கறியில ஒரு தபா பாத்துடணும். திங்கக்கிழமை காலையில நான் கெளம்பிடுவேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒரு போர்ட்டர்ஹவுஸ் போட்டுக் குடுக்கச் சொல்லுங்க."

நான் "ஆகட்டும் சார்" என்றேன். நம் வேலையில் அந்த வார்த்தை யோசனைக்கு முன்னால் வாயில் வந்து நிற்கும். நீங்களும் பழகிக்கொள்வீர்கள். பழகிக்கொள்ளாமல் இருந்தால் நல்லது. அறைக்குத் திரும்பி மாட்டை மனத்தில் நிறுத்தித் தேடினேன். தலையிலிருந்து வால் வரை தேடியும் போர்ட்டர்ஹவுஸ் கிடைக்கவில்லை.

மறுநாள் காலையில் அவர் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தபோது தேவராஜையும் அழைத்துக்கொண்டு போய், தெரியவில்லை என்று சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஈர மணலில் கைத்தடியால் ஒரு படம் போட்டார். நடுவில் இங்கிலீஷ் டி எழுத்து மாதிரி எலும்பு. அதன் தண்டுக்கு இந்தப் பக்கம் பெரிய கறி, அந்தப் பக்கம் சின்னக் கறி. கனம் மூன்று விரல். முதுகின் கடைசியில், இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, எலும்போடு சேர்த்துக் குறுக்காக அறுக்க வேண்டும்.

அந்தப் பெயர் மாட்டின் எந்த இடத்தைச் சொல்கிறது என்று கேட்டேன்.

"மாட்டுல தேடாதீங்க மேடம், கெடைக்காது," என்றார். "மொதல்ல துண்டு வரட்டும். பேரு கதையை அப்புறம் சொல்றேன்."

அலை வந்து படத்தை எடுத்துக்கொண்டு போன பிறகும் தேவராஜ் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றே பஸ் ஏறிப் புதுப்பட்டினம் போனோம். அங்கே காதர் பாய் கடையில்தான் எங்களுக்குக் கறி வாங்குவது. அவருடைய அப்பா காலத்திலிருந்து நடக்கும் கடை. வாரம் இரண்டு முறை அவருடைய மச்சான் சைக்கிளில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார். நான் டீச்சராக இருந்ததை யாரோ சொல்லி, கடைசி வரை எனக்கு அங்கே டீச்சரம்மா என்றுதான் பெயர்.

தேவராஜ் கடைப் பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினான். பாய் தன் இடுப்பில் கையை வைத்து, இந்த இடமா, இன்னும் மேலா என்று கேட்டுக் கேட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு கத்தியைப் பார்த்தார்.

"கத்தி போட்டா எலும்பு சில்லு சில்லா பூடும் டீச்சரம்மா. இவரு கேக்கற மாதிரி சுத்தமா வரணும்னா ரம்பம் வேணும்."

ரம்பத்துக்கு எங்கே போவது என்று ஒரு பெரிய ஆலோசனை நடந்தது. கால்வாய்க் கரையில் தோணி கட்டும் ஆசாரியிடம் நல்ல ரம்பம் இருக்கிறது. ஆனால் எதற்கு என்று சொன்னால் தர மாட்டார். எதற்கு என்று சொல்லாமல் வாங்கினால் பாவம் என்றேன். பாய் சிரித்தார்.

"சொல்லியே வாங்கறேன், போதுமா? திட்டிக்கினே குடுப்பான். புதுசா ஒரு அலகு வாங்கிக் குடுத்துட்டா திட்டையும் நிறுத்திடுவான்."

அலகை வெந்நீரில் போட்டு எடுக்க வேண்டும் என்று தேவராஜ் சொன்னான். முதுகெலும்பை முதலில் நெடுக்கில் பிளந்து, பிறகு குறுக்கே அறுப்பதா, இல்லை முதலில் குறுக்கேயா என்று அவர்களுக்குள் பேச்சு. எலும்புத் தூள் கறியில் ஒட்டினால் எப்படித் துடைப்பது என்று நான் ஒரு கேள்வி. சனிக்கிழமை சாயங்காலம் அறுத்து, ராத்திரி காற்றில் ஈரத்துணி சுற்றித் தொங்கவிட்டு, ஞாயிறு காலை ரம்பம் போடுவது என்று முடிவாயிற்று. கிளம்பும்போது பாய், "உனக்கு வழக்கமா உள்ளதும் கூடவே வந்துடும் டீச்சரம்மா, கவலப்படாத," என்றார். நானும் சந்தோஷமாகத் தலையாட்டினேன்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். தவறு நடந்தது இங்கேதான். எங்கள் மூன்று பேர் கண்ணுக்கும் முன்னால் நடந்தது. ஒருவருக்கும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலுக்குப் போகவில்லை. தேவராஜ் விடியற்காலையிலேயே இரும்புச் சட்டியைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்தான். கரி அடுப்பு தயார். வெயில் ஏறும் முன்பே பாய் வந்தார். மச்சானை அனுப்பாமல், எதிர்க்காற்றில் தானே சைக்கிள் மிதித்து வந்திருந்தார். கேரியரில் ஓலைக்கூடை. முகமெல்லாம் வியர்வை, முகமெல்லாம் சிரிப்பு.

"இந்த ஊர்ல எலும்பை ரம்பத்துல அறுத்தவன் நான் ஒருத்தன்தான். பாரு தம்பி, தச்சன் கெட்டான்," என்று இலையைப் பிரித்தார்.

உண்மையிலேயே தச்சன் கெட்டான்தான். எலும்பு சந்தனக் கட்டையை அறுத்த மாதிரி வழவழவென்று இருந்தது. டி எழுத்து அச்சாக விழுந்திருந்தது. தண்டுக்கு ஒரு பக்கம் பெரிய கறி, சிவப்பாக, அழகாக, சரியாக மூன்று விரல் கனம். மறு பக்கம் வெறும் எலும்பு. துளி கறி இல்லாமல் சுத்தமாக வழித்த எலும்பு.

தேவராஜ் அந்த வெற்று இடத்தில் விரலை வைத்தான்.

"இன்னா தம்பி, ரம்பம் சரியா ஓடலயா?"

"இந்தப் பக்கத்துக் கறி எங்க பாய்?"

"அது அண்டர்கட்டுப்பா. இதோ கீதே, தனியா." இன்னொரு இலைப் பொட்டலத்தை எடுத்தார். வாழைநாரால் பத்திரமாகக் கட்டியிருந்தது. "நேத்து மாடு தொங்கினதுமே எடுத்து வெச்சுட்டேன். டீச்சரம்மாவுக்கு வழக்கமா..."

பாய் பொட்டலத்தைப் பார்த்தார், எலும்பைப் பார்த்தார். முக்காலியில் உட்கார்ந்து தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

வெள்ளைக்காரர்கள் பங்களாக்களில் இருந்த நாளிலிருந்து அந்தக் கடையில் ஒரு வழக்கம். மாட்டைத் தொங்கவிட்டதும், தோலை முழுக்க இறக்குவதற்கு முன்பே, உள்ளே கை விட்டு அண்டர்கட்டை முழுசாக உருவி எடுத்து இலையில் சுற்றி ஒதுக்கிவிடுவார்கள். அது பங்களாவுக்கு உள்ளது. கடைக்கு வருகிற யார் கண்ணிலும் படக்கூடாது. மற்றதெல்லாம் பிறகுதான் வெட்டும் கட்டைக்கு வரும். பங்களாக்காரர்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள். எங்கள் விடுதி ஒன்றுதான் பாக்கி. வழக்கம் மட்டும் அப்படியே நீடித்தது. எலும்பின் உட்பக்கத்தில் கறியோடு ஒரு முதுகுத் துண்டு அந்தக் கடைக் கட்டையில் விழுந்ததே இல்லை. எனக்கும் அண்டர்கட் என்றால் தனி இலையில் வருகிற பொருள். மணலில் போட்ட படத்தில் இருந்த சின்னக் கறி அதுதான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எலும்புக்கு அடியில் இருப்பதால்தான் அந்தப் பெயர் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான்.

வேறு வழி இருக்கிறதா என்று பார்த்தோம். பாய் கடையில் அடுத்த மாடு வியாழக்கிழமை. செங்கல்பட்டுக்குப் போய்த் திரும்பினால் மத்தியானம் தாண்டிவிடும். அங்கேயும் இதே கைகள், இதே வழக்கம்.

பாய் துண்டை எடுத்தார். கண் சிவந்திருந்தது.

"ஒட்ட வெச்சு நார்ல கட்டிடு தம்பி. சட்டில போட்டா ஒண்ணா பூடும். அவருக்கு இன்னா தெரியப்போவுது."

தேவராஜ் அண்டர்கட்டிலிருந்து மூன்று விரல் கனத்துக்கு ஒரு துண்டு அரிந்து அந்தப் பள்ளத்தில் வைத்தான். வெளியூர் போயிருந்த பிள்ளை வீட்டுக்குத் திரும்பிய மாதிரி அது போய் உட்கார்ந்துகொண்டது. கூர்ந்து பார்த்தால் ஒழிய வித்தியாசம் தெரியாது. நாரை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டு அவன் என்னைப் பார்த்தான்.

எத்தனையோ விருந்தாளிகளிடம் நான் இல்லை என்று சொல்லியிருக்கிறேன். இன்று மீன் இல்லை, ரொட்டி வரவில்லை, பால் திரிந்துவிட்டது. இல்லை என்பதை முகம் வாடாமல் சொல்வதுதான் நம் வேலையில் பாதி என்று எனக்கு உதவிக்கு வந்த எத்தனையோ பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அன்று என் நாக்கு எழவில்லை. கட்டு என்று சொன்னால், அவன் தேறிக் கப்பலேறிப் போய்விடுவான். போய்ச் சொல் என்று சொன்னால், அந்த வேலை கைவிட்டுப் போகலாம், அவன் என் பக்கத்திலேயே இருப்பான். எது நியாயம் என்று யோசிக்கிறேனா, எது எனக்கு வேண்டும் என்று யோசிக்கிறேனா என்று எனக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை. என் வாயிலிருந்து வரும் எந்த வார்த்தையையும் நானே நம்ப முடியாத நிலை.

அதனால், "உன் அடுப்புடா. நீ சொல்லு," என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் நாரை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தான்.

"கட்டிப் போட்டா இந்தச் சின்னது முன்னாடியே வெந்துடும்மா. எலும்பு ஓரம் பச்சையா நிக்கும். அத வேணா சமாளிச்சுடுவேன்," என்றான். "ஆனா அவர் எடுத்துக்கிட்டார்னா, கப்பல்ல தெனம் காலையில அவர் மூஞ்சியப் பாக்கணுமே."

நாரை அடுப்பில் போட்டான். இரண்டு துண்டுகளையும் ஒரே தட்டில், இலையோடு, சமைக்காமல் பச்சையாக வைத்து எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனான்.

நானும் பாயும் சமையலறை ஜன்னலில் நின்றோம். கடல் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. தேவராஜ் குனிந்து ஏதோ சொன்னான். கப்பல்காரர் தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். எலும்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அறுத்த பரப்பைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்து, பாயை வரச் சொல்லிக் கையசைத்தார். பாய் என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"அறுத்தது நீயா?"

"ஆமா தொர."

"நல்லா அறுத்துக்கீற. இத மட்டும் ஏன் உருவிட்ட?"

"உருவணும்னு உருவல தொர," என்றார் பாய். "கை உருவிட்ச்சு. எங்க நைனா காலத்துலேர்ந்து மாடு தொங்கினா மொதல்ல கை அங்கதான் போவும். ராத்திரியெல்லாம் ரம்பத்தைப் பத்தியே ரோசன. கை இன்னா பண்ணிச்சுன்னு நான் பாக்கல."

கப்பல்காரர் கைத்தடியைத் தரையில் தட்டித் தட்டிச் சிரித்தார். காலில் வலி வந்து, பிடித்துக்கொண்டே சிரித்தார். எங்களை உட்காரச் சொன்னார். பேர் கதையைக் கேட்டீங்களே மேடம், இப்போது சொல்கிறேன் என்றார்.

அவர் சொன்னது இது. ஒரு காலத்தில் லண்டனில் தெருவிலும் ஆற்றுத் துறையிலும் மூட்டை சுமந்தவர்கள் விரும்பிக் குடித்தது ஒரு கறுப்பு பீர். சுமைகாரர்கள், அதாவது போர்ட்டர்கள், குடித்துக் குடித்து அந்த பீருக்கே போர்ட்டர் என்று பெயர் வந்துவிட்டது. அதை விற்ற வீடுகள் போர்ட்டர்ஹவுஸ். குடிக்க வருகிறவர்களுக்கு அங்கே கறியும் போடுவார்கள். அமெரிக்காவிலும் அந்த மாதிரி வீடுகள் இருந்தன. அங்கே ஒரு துறைமுகத்தில், கப்பல்களுக்கு வழிகாட்டி உள்ளே கொண்டுவரும் மாலுமி ஒருவன் வேளைகெட்ட வேளையில் பசியோடு அப்படிப்பட்ட வீட்டுக்கு வந்தானாம். வழக்கமான துண்டுகள் தீர்ந்துபோயிருந்தன. வீட்டுக்காரன் இல்லை என்று சொல்லிவிட்டான். ஆனால் மறுநாள் தன் குடும்பத்துக்குச் சுடுவதற்கென்று முதுகுப் பக்கத்தில் ஒரு பெரிய கண்டம் வைத்திருந்தான். அதிலிருந்து எலும்போடு கனமாக ஒரு துண்டு அறுத்து வாட்டிக் கொடுத்தான். மாலுமி சாப்பிட்டுவிட்டு இன்னொன்று கேட்டான். அடுத்த முறை வந்தபோதும் அதையே கேட்டான். பார்த்தவர்களும் கேட்டார்கள். வீட்டின் பெயர் துண்டுக்கு ஒட்டிக்கொண்டது.

"நாலு ஊர்க்காரன் நாலு கதை சொல்றான். எது நெசம்னு எனக்குத் தெரியாது," என்றார் கப்பல்காரர். "நான் கேட்டது இதான். அந்த வூட்ல அன்னிக்கு கேட்டது இல்ல. இல்லன்னு சொன்னான். இருந்தத வெச்சு நல்லா செஞ்சு குடுத்தான். பேரு அப்படித்தான் வந்துச்சு."

மாட்டில் தேடினால் கிடைக்காது என்று அவர் சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது. அது உடம்பின் பெயர் இல்லை, ஒரு வீட்டின் பெயர்.

பிறகு தேவராஜிடம், இரண்டையும் தனித்தனியாகப் போடு, ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் சூடாகத் தட்டுக்கு வரணும் என்றார். ஒட்டிக்கொண்டிருந்தால் ஒரு வேலை, பிரிந்துவிட்டதால் இரண்டு வேலை. பக்கத்தில் போர்ட்டர் ஒரு கோப்பை வேண்டும்தான், ஆனால் உங்கள் சர்க்கார் மதுவிலக்கு விடாது, கறுப்புக் காப்பி கொண்டா என்றார். கைத்தடியை ஊன்றிக்கொண்டு சமையலறைக்கே வந்து, பாய் உட்கார்ந்து அழுத அதே முக்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. பின்பக்கம் போய்க் கொடியில் காய்ந்த படுக்கை விரிப்புகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன். காய்ந்தவற்றை முடித்துவிட்டு ஈரமாக இருந்தவற்றையும் மடித்தேன். சட்டியில் கறி விழும் சத்தம் ஒரு முறை கேட்டது. நெடுநேரம் கழித்து இன்னொரு முறை. பெரியது முதலில், சின்னது பிறகு. சரியாகத்தான் போடுகிறான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

உள்ளே போனபோது தட்டில் எலும்பு மட்டும் இருந்தது. ருசி பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காப்பியைக் குடித்து முடித்தார்.

"அடுத்த மாசம் மொதல் வாரம் மெட்ராஸ்ல கப்பல் ஆபீசுக்கு அனுப்புங்க மேடம். துணி நெறைய வேணாம். நல்ல கத்தி ரெண்டு எடுத்துக்கினு வரட்டும்."

பாய் ஏதோ சொல்லிக்கொண்டு கையை மேலே தூக்கினார். பிறகு, அந்தக் கத்தி இரண்டும் தன் கடையிலிருந்துதான் வரும் என்றார்.

இதில் உங்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நெருக்கடி வரும்போது நம் கண் புதிய பொருள்மேல் போய் ஒட்டிக்கொள்ளும். எங்களுக்கு அது ரம்பம். பிழை எப்போதும் செய்கிற வேலையில் ஒளிந்துகொண்டிருக்கும், அதைத்தான் யாரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்வதில்லை. அடுத்த முறை புதிதாக ஒன்றைச் செய்யச் சொல்லும்போது, புதியதை விளக்கிய பிறகு, வழக்கமாக என்ன செய்வீர்கள் என்று எதிரில் இருப்பவரைக் கேளுங்கள். அவர் சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள். தலையையும் ஆட்டாதீர்கள். காதர் பாய் அதற்குப் பிறகு எல்லோரையும் கேட்க ஆரம்பித்துவிட்டார், "ஒட்டியா, தனியா?" என்று. எலும்புக்காக மட்டும் வருகிறவர்களையும் கேட்பார். அவர்கள் விழிப்பார்கள்.

இன்னொன்று, பேச்சோடு பேச்சாக. நம் சொந்தப் பிள்ளையின் பிழைப்பு தட்டில் இருக்கும் நாளில் நம் தீர்ப்பு நம்பத்தக்கதல்ல. அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம் அதைத் தெரிந்துகொண்டதுதான்.

தேவராஜ் கிளம்பிய நாளைச் சொல்லி முடிக்கிறேன். சென்னை ரயில் பிடிக்கச் செங்கல்பட்டு ஸ்டேஷனுக்கு வந்தோம். முந்தின நாள் பாய் அண்டர்கட் அனுப்பியிருந்தார், வழக்கம்போலத் தனி இலையில். மிளகு போட்டு வறுத்து, சோறும் வைத்து, தூக்குக் கேரியரில் எடுத்துக்கொண்டேன். டிரங்குப் பெட்டியைத் தேவராஜ் தானே தூக்குகிறேன் என்றான். நான் விடவில்லை, கப்பலேறப் போகிறவன் தோளைச் சுளுக்கிக்கொள்ளக் கூடாது என்று போர்ட்டரைக் கூப்பிட்டேன். சிவப்புச் சட்டை, கையில் பித்தளை வில்லை, என் வயதுதான் இருக்கும். பெட்டியை ஏற்றி வைத்துவிட்டு அவரும் ஓரமாக நின்றார்.

சேவல் கூவும் முன்பே எழுந்து சமைத்தவள் நான். ஜன்னல் வழியாக அவனுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. அலை அடித்தால் தளத்துக்கு வராதே, சூடான சட்டியைச் சாய்ந்த கப்பலில் எப்படிப் பிடிப்பாய், கடிதம் போடு. ரயில் நகர்ந்தது, நானும் கூடவே நடந்தேன். கடைசிப் பெட்டியும் போன பிறகு போர்ட்டர்தான் சொன்னார்.

"இன்னாம்மா, சோத்தக் குடுக்காம வுட்டுட்ட?"

கேரியர் என் கையில் இருந்தது. அத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் நேரத்துக்குச் சாப்பாடு கொடுத்தவள், பெற்ற பிள்ளைக்குக் கொடுக்க மறந்துவிட்டேன். பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அந்த வருத்தம் முழுக்கப் போய்விட்டது என்று இன்றும் சொல்ல மாட்டேன். கடல் பக்கமிருந்து காற்று பலமாக அடித்தால் திரும்ப வரும்.

போர்ட்டர் போகாமல் நின்றார். நீங்களாவது சாப்பிடுங்கள் என்று கேரியரை நீட்டினேன்.

"இன்னா கறி?"

"மாட்டுக்கறி."

"துன்னுவேன். காலையிலேர்ந்து டீதான்."

பெஞ்சின் மறு கோடியில் உட்கார்ந்து சாப்பிட்டார். இவ்வளவு மெத்தென்று இருக்கிறதே, எந்த இடத்துக் கறி என்று கேட்டார். அடியில் இருக்கும் கறி என்றேன். இதோடு எலும்பையும் மேல் கறியையும் சேர்த்து அறுத்தால் அதற்கு வெளிநாட்டில் உங்கள் வேலையின் பெயர்தான் என்றேன். அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"சும்மா சொல்லாதம்மா."

லண்டன் சுமைகாரர்களிலிருந்து ஆரம்பித்து முழுக்கச் சொன்னேன். நம்பினாரா என்று தெரியவில்லை, ஆனால் சாப்பிட்டுக்கொண்டே கடைசி வரை கேட்டார். பிறகு பிளாட்பாரக் குழாயில் கேரியரைக் கழுவி, அடுக்கி, பூட்டுக் கம்பியை மாட்டிக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார்.

"பையன் கப்பல்ல இன்னா வேலைக்குப் போறான்?"

"சமையல் வேலை."

"அப்புறம் இன்னாத்துக்கு ஒக்காந்து அழுதுகினு கீற," என்றார் அவர். "கப்பல்ல எவன் பட்டினி கெடந்தாலும் அவன் கெடக்க மாட்டான்."

அடுத்த ரயில் வரும் மணி அடித்தது. அவர் தலைத்துண்டைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். நான் கேரியரை எடுத்துக்கொண்டு விடுதிக்குத் திரும்ப பஸ் பிடிக்க நடந்தேன். வரும்போது அது அவ்வளவு கனமாக இருந்தது என்பதே அப்போதுதான் தெரிந்தது.